டர்பனில் வெந்த கறி ஜோகன்னஸ்பர்கில் ஏன் வேகவில்லை?

தென்னாப்பிரிக்காவின் ஜூலைக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஜோகன்னஸ்பர்கிலிருந்து போன் செய்தாள். “தம்பி, ரெண்டரை மணி நேரம் ஆச்சு, கறி இன்னும் ரப்பர் மாதிரி இருக்கு.” நான் இருப்பது டர்பனில். இருவரும் செய்வது அம்மா சொல்லிக்கொடுத்த அதே மாட்டுக்கறி மக்ரோனி. கசாப்புக் கடையில் ஷின் என்று கேட்டு வாங்கும் அதே கால் கறி, பொய்க்கி என்கிற அதே மூன்று கால் இரும்புச் சட்டி. எனக்கு வெந்தது, அவளுக்கு வேகவில்லை. அவள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. ஊரின் உயரம்தான் காரணம்.

டர்பன் கடலோரம். இங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 94 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் குழம்பின் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும்.

கால் கறி என்பது மாட்டின் பாரத்தைத் தாங்கி நடந்த தசை. அதனால் அதில் கொலாஜன் என்கிற புரதம் அதிகம். துண்டு போடும்போது வெள்ளை நாராக மினுங்குவது அதுதான். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு மாதிரி அதன் அமைப்பு. சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் அந்தக் கயிறு சுருங்கி, கறியின் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். அரை மணி நேரம் வெந்த கறி கல்லாக இருப்பது இதனால்தான். அந்தக் கட்டத்தில் பயந்துபோய் இறக்கிவிடக் கூடாது. சூடு 80 டிகிரிக்கு மேல் நின்றால் முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்ந்து, கொலாஜன் ஜெலட்டினாகக் குழம்பில் கரையும். மிச்சக் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கரண்டியால் தட்டினால் தளதளவென்று ஆடுமே, அது ஜெலட்டின். சாப்பிடும்போது உதட்டில் லேசாக ஒட்டுவதும் அதுவே.

சூடு குறையக் குறைய இந்த அவிழ்தல் மந்தமாகும். ஆறு டிகிரி சின்ன வித்தியாசமாகத் தெரியலாம், ஆனால் அடுப்படியில் அது நிறைய நேரம். இன்னும் ஒரு மணி நேரம் விடு என்றேன். அவசரமென்றால் பிரஷர் குக்கர்தான் வழி. உள்ளே அழுத்தம் கூடி, சூடு 120 டிகிரியை நெருங்கும். இங்கே பல தமிழ் வீடுகளில் மாடு சமைப்பதில்லை. ஆட்டுக்கறிக்கும் இதே கணக்குதான்.

முதலில் கறியை எண்ணெயில் சிவக்க விடுவது சாற்றைப் பூட்டி வைக்க என்று பலர் சொல்வார்கள். சாறு பூட்டப்படுவதில்லை. சிவக்க விடுவது மணத்துக்காக. 140 டிகிரி வாக்கில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்த வறுத்த வாசனை பிறக்கிறது. 1912இல் இதை விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மையார். கறி ஈரமாக இருந்தால் நீர் வற்றும்வரை சூடு 100ஐத் தாண்டாது. அதனால் துடைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மசாலா, தக்காளி எல்லாம் அப்புறம்.

கறி முழுதாக வெந்த பிறகுதான் மக்ரோனி. அதன் மாவுச்சத்து நீரைக் குடித்து வீங்கும், கொஞ்சம் கசிந்து குழம்பையும் கெட்டியாக்கும். ஆகவே போடும்போது குழம்பு சற்று நீர்க்கவே இருக்கட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடவே விடச் சொன்னேன் அக்காவிடம். 94 டிகிரி மக்ரோனிக்கும்தானே.