குடைமிளகாய் இலையில் கரி பூசியது யார்?

ஓசூர் பக்கம் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூரையும் வலையும் போட்ட குடிலில்) குடைமிளகாய் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இலையெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கு, பூஞ்சாண மருந்து அடிச்சும் போகலை, என்ன நோய் இது?"

நோயே இல்லை. கரி படிந்த இலைக்கு நேர் மேலே இருக்கும் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் அசுவினியோ வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ, சாறு குடிக்கும் பூச்சி ஏதாவது உட்கார்ந்திருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்ட, அதில் வளர்வதுதான் கரும்பூஞ்சணம்.

இனிப்பை ஏன் இப்படிக் கொட்டுகிறது? இலையில் தயாராகும் சர்க்கரை புளோயம் குழாய்களில் ஓடுவது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தக் குழாய்க்குள் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல நாலைந்து மடங்கு வரை போகும். அசுவினி தன் ஊசிவாயைச் செல்களின் இடுக்கு வழியாக நெளித்துக் கொண்டுபோய்க் குழாயைத் துளைத்துவிட்டால் போதும், பெரிதாக உறிஞ்சவே வேண்டாம், சாறு தானாக ஏறும். 1953-இல் கென்னடி, மிட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குடித்துக்கொண்டிருந்த அசுவினியின் ஊசிவாயை வெட்டி உடம்பை அகற்றினார்கள். செடியில் குத்தி நின்ற அந்தத் துண்டின் நுனியில் சாறு துளித்துளியாக மணிக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது! சுத்தமான புளோயம் சாறு எடுக்க இன்றைக்கும் இதே வித்தைதான், வெட்டுவதற்கு லேசர் வந்துவிட்டது.

அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், வளர்வதற்கு வேண்டிய அமினோ அமிலம் சொற்பம். அதனால் நிறையக் குடித்து மிச்சத்தைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கல், அவ்வளவு சர்க்கரை குடலில் நின்றால் சவ்வூடு பரவலில் உடம்பின் தண்ணீரே குடலுக்குள் போய்விடும். எனவே சின்னச் சர்க்கரைகளை நீளச் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது, மூலக்கூறு எண்ணிக்கை குறைய, இழுவையும் குறைகிறது.

சரி, யாரென்று கண்டுபிடிப்பது எப்படி? செடியை ஆட்டினால் பறப்பது வெள்ளை ஈ, பின்பக்கம் இரண்டு குழல் நீட்டியிருப்பது அசுவினி, பஞ்சு ஒட்டினாற்போல் இருப்பது மாவுப்பூச்சி. பிசுபிசுப்பே இல்லாமல் இலை மேல்நோக்கிச் சுருண்டு வெள்ளி பூத்திருந்தால் இலைப்பேன். அது செல்லைக் கீறிக் குடிக்கும், புளோயம் வரை போகாது.

ஊடுருவிப் பாயும் மருந்து வேலை செய்வது செடிக்குள் பரவி, குடிக்கும் சாற்றோடு பூச்சிக்குள் போவதால்தான், ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள்தான் குடிலை நிரப்பும். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் பூச்சிமேல் பட்டால்தான் பலன், அதனால் இலையடியில் படும்படி அடியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி பெரும்பாலும் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று நிலவரம் பார்க்கத்தான். வாசலில் திருஷ்டி பொம்மை கட்டுகிறவர்கள் பூச்சி நுழையாமலிருக்க அங்கே இரட்டைக் கதவும் போட்டால் நல்லது.

குடிலின் வலை, அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் வெளியே நிறுத்திவிடுவதால், உள்ளே நுழைந்த பூச்சிக்கு எதிரியே இல்லை, கழுவிவிட மழையும் இல்லை. அதனால் எதிரியை நாமே கொண்டுவந்து விடவேண்டும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டுத் தோட்டங்களை அழித்தபோது, 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்த குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. குளவி வளர்க்கும் ஆய்வகங்களுக்கு அடுத்த படையெடுப்பு வரும்வரை காத்திருக்காமல் வருடா வருடம் காசு கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற குளவி உண்டு. குளிர்ப் பிரதேசக் குடில்களில் வரும் வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் அது முட்டை வைத்தால் குஞ்சு கறுத்துவிடும். அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது அடுத்த தலைமுறைக் குளவி.