தாகமுள்ள தாளில் ஒரு மின்சுற்று

பஜ்ஜி மடித்துத் தந்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கண்ணாடிபோல் ஊடே தெரியும். காகிதத்தின் வெண்மைக்குப் பெரும்பங்கு காரணம் இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று. செல்லுலோஸின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றினுடையது 1. இரண்டும் மாறி மாறி வருவதால் ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. எண்ணெய் உள்ளே புகுந்து காற்றைத் துரத்தியதும் சிதறல் அடங்கிவிடுகிறது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மசாயா நோகி, ஹிரோயுகி யானோ குழுவினர் 2009-இல் எண்ணெயின்றியே இதைச் சாதித்தார்கள். மர இழையை ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு மெல்லிய நானோ இழைகளாகப் பிரித்து, இடைவெளியின்றி நெருக்கிப் படியவைத்து, மேற்பரப்பை மெருகேற்றினார்கள். மரத்தால் ஆன தெளிவான தாள் கிடைத்தது.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தாள்மேல் மின்சுற்று அச்சிடுகிறவருக்கு இந்தத் தெளிவு கூடுதல் சலுகைதான். அவர் தேடுவது வழவழப்பு. சாதாரணக் காகிதத்தின் இழை 20 முதல் 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ளது. அதன்மேல் மின்கம்பிபோல் அச்சாகும் வெள்ளித்துகள் மையின் தடிமனோ பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைச் சுற்றியே இருக்கும். மை பள்ளங்களில் இறங்கிவிட்டால் வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று தொடாது. கோடு கண்ணுக்குத் தெரியும், மின்சாரம் ஓடாது. நானோ தாளின் துளைகளோ மிக நுண்ணியவை. மையிலுள்ள திரவத்தை அவை உறிஞ்சிக்கொள்ள, துகள்கள் மேலேயே தங்கிக் கூர்மையான கோடாக நிற்கின்றன.

பிறகு சூடேற்ற வேண்டும். வெள்ளி உருக 960 டிகிரி செல்சியஸுக்கு மேல் தேவை என்றாலும், நானோ துகள்கள் 150 டிகிரிக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாட்டில் பிளாஸ்டிக்கான பெட் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்குகிறது. செல்லுலோஸ் இளகுவதில்லை, சூட்டில் விரிவதும் மிகக் குறைவு. அதனால் மேலே உள்ள கோடு வெடிப்பதில்லை.

தொல்லை ஈரத்தில் இருக்கிறது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் நீரை இழுக்கும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். காற்றின் ஈரப்பதம் ஏறினால் தாள் உப்பும், அதன் மின்பண்புகளும் மாறும், தாள்மேல் அச்சிட்ட ஆன்டெனாவின் அதிர்வெண் நழுவும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2015-இல் ஜென்சியாங் மா குழுவினர் நானோ செல்லுலோஸ் தாள்மீது சிப் அமைத்தபோது எபாக்ஸி என்ற பிசினால் மெல்லிய பூச்சு கொடுத்துத்தான் இதைச் சமாளித்தார்கள். அப்படியும் பூஞ்சை அந்தத் தாளைத் தின்றது, அதாவது தாள் மக்கியது. ஆனால் சிப்பில் இருந்த காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியைப் பூஞ்சை தின்னாது. அதிலுள்ள ஆர்சனிக் நஞ்சு அங்கேயே கிடக்கும். அதனால்தான் அதன் அளவை வெகுவாகக் குறைத்தோம் என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். வெள்ளியும் இதற்கு விலக்கல்ல: அது நுண்ணுயிர்க்கொல்லி, தாளை மக்கவைக்க வேண்டிய உயிர்களையே தடுக்கக்கூடியது. அடித்தளத்தை மட்டும் காட்டி ‘மக்கும் மின்னணு’ என்று பெயர் வைப்பது எனக்கு அவசரமாகவே படுகிறது.

இந்த விஷயத்தில் சுவிட்சர்லாந்தின் எம்பா என்ற பொருளறிவியல் ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட மின்கலம் எனக்குப் பிடித்திருக்கிறது. உப்பு ஊறிக் காய்ந்த ஒரு காகிதத் துண்டு. ஒரு முகத்தில் கிராஃபைட் மை, மறுமுகத்தில் துத்தநாகத் தூள் கலந்த மை. காய்ந்திருக்கும்வரை அது வெறும் தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாள் உறிஞ்சுகிறது, உப்பு கரைந்து அயனிகள் நகர்கின்றன, துத்தநாகம் எலக்ட்ரான்களை விடுகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. 20 நொடிகளில் 1.2 வோல்ட். இப்படி இரண்டு கலங்களைச் சேர்த்து ஒரு சிறிய அலாரம் கடிகாரத்தை ஓட்டிக் காட்டினார்கள். எந்தத் தாகத்தை விஸ்கான்சினில் பூச்சுப் போட்டு அடக்கினார்களோ, அதுவே இங்கே சுவிட்ச்.

ஒரு மணி நேரத்தில் தாள் காய்ந்து திறன் சரிகிறது. மீண்டும் சொட்டு விட்டால் 0.5 வோல்ட்டில் இன்னொரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கைப்பேசிக்கு இது உதவாது. ஒருமுறை பரிசோதித்துத் தூக்கி எறியும் மருத்துவப் பட்டைக்கு இதுவே அதிகம்.