மில்லி: சொல்லும் அதன் நேர்த்தமிழும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்கு என் அம்மாயியுடன் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு ஜோடிக் கொலுசை மின்தராசின் தட்டில் வைத்தார். எண்கள் சிறிது ஏறி இறங்கி 86.340 என்று நின்றன. "எண்பத்தாறு கிராம், முந்நூத்தி நாப்பது மில்லிங்க அம்மா" என்று படித்தார். அம்மாயி என் பக்கம் திரும்பி, "மில்லிங்கறது இருமல் மருந்து ஊத்தற மூடியில போட்டிருக்கறதுதானே கண்ணு, வெள்ளிக்கு எங்கிருந்து அது வந்துச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்ல வேண்டுமானால் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மில்லி என்பது எடையும் அன்று, கொள்ளளவும் அன்று, நீளமும் அன்று. அது ஓர் எண். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதே அதன் முழுப்பொருள். எதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை அதன் பின்னே வரும் அலகுதான் சொல்ல வேண்டும்: கிராம் வந்தால் எடை, லிட்டர் வந்தால் கொள்ளளவு, மீட்டர் வந்தால் நீளம். இலக்கணத்தில் இப்படி ஒரு சொல்லின் முன்னே ஒட்டி வரும் உறுப்பை முன்னொட்டு என்கிறோம். ஆனால் பேச்சுவழக்கு பின்னே வரும் அலகை உதிர்த்துவிட்டு முன்னொட்டை மட்டும் வைத்துக்கொண்டது. ஆகவே வெள்ளிக் கடையில் மில்லி என்றால் மில்லிகிராம், மருந்துக் கடையில் மில்லிலிட்டர். மரக்கடையில் மட்டும் பலகையின் கனத்தை "பன்னிரண்டு எம்.எம்." என்று இரண்டு உறுப்பும் கெடாமல் கேட்கிறார்கள். மளிகைக் கடையில் கேட்கும் 'ஒரு கிலோ' என்பதும் இதே வகையில் தலை மட்டும் மிஞ்சிய சொல்தான். அங்கே உதிர்ந்தது கிராம்.

இச்சொல்லின் வேர் லத்தீனில் உள்ள 'மில்லே'. அதற்குப் பொருள் ஆயிரம். ஆயிரத்தில் ஒன்று அன்று, ஆயிரமேதான். நமக்குப் பழகிய வேறு சொற்களிலும் அந்த ஆயிரம் மறைந்திருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் ஊர்த்தொலைவு காட்டும் கல்லை இன்றும் மைல்கல் என்கிறோமே, அந்த மைல் உரோமானியர் ஆயிரம் இரட்டையடி நடந்து அளந்த தொலைவிலிருந்து வந்த சொல். மில்லியன் என்பது 'பேராயிரம்' என்னும் பொருளில் அமைந்தது. மழைக்காலத்தில் மலைத் தோட்டங்களின் ஈரச் சருகில் சுருண்டு கிடக்கும் மரவட்டைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் 'ஆயிரங்கால்' என்றே பொருள்படும்.

அப்படியானால் ஆயிரம் எப்படி ஆயிரத்தில் ஒன்றானது? பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795 ஏப்ரல் 7 அன்று இயற்றப்பட்ட சட்டம் மீட்டரையும் லிட்டரையும் கிராமையும் வரையறுத்தபோது, அவற்றைப் பெருக்கவும் வகுக்கவும் உரிய முன்னொட்டுகளையும் வகுத்தது. பெருக்கத்துக்குக் கிரேக்கச் சொற்கள், பகுப்புக்கு லத்தீன் சொற்கள் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முறை. கிரேக்க மொழியில் ஆயிரத்தைக் குறிக்கும் 'கிலியோய்' என்ற சொல் கிலோ ஆயிற்று. லத்தீன் ஆயிரம் மில்லி ஆயிற்று. ஆகக் கிலோவும் மில்லியும் இரண்டு மொழிகளில் உள்ள ஒரே ஆயிரம். ஒன்று மேலே ஏறுவதும் மற்றொன்று கீழே இறங்குவதும் சொல்லின் பொருளால் விளைந்தவை அல்ல, ஓர் உடன்பாட்டால் விளைந்தவை. மாணவர்கள் இவ்விரண்டையும் மாற்றிப் போடுவது கவனக்குறைவால் மட்டுமன்று என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். சொல்லைப் பார்த்துத் திசையைக் கண்டுபிடிக்க வழியில்லை, மனத்தில் பதித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே பட்டியலில் உள்ள சென்டி, நூறு என்னும் பொருளுடைய 'சென்டும்' என்பதன் வழி வந்தது. நிலம் வாங்குவோர் சொல்லும் சென்டும் அதன் உடன்பிறப்பு. ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு. காபித் தோட்டக்காரர்களிடையே மழையை இஞ்சிலும் சென்டிலும் சொல்லும் வழக்கம் உண்டு. அங்கே சென்ட் என்பது இஞ்சில் நூற்றில் ஒரு பங்கு. மில்லியைப் போலவே சென்டும் இடத்துக்கு இடம் வேறொன்றைக் குறிக்கிறது. நூறு மடங்கைக் குறிக்கும் ஹெக்டோ நம் ஊரில் ஒரே ஓர் இடத்தில், நிலச் சிட்டாவில் மட்டும், உயிரோடு இருக்கிறது. சிட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இரண்டு கூறாக எழுதப்பட்டிருக்கும். ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஹெக்டோவும் ஏரும் சேர்ந்ததே ஹெக்டேர், அதாவது நூறு ஏர், 10,000 சதுர மீட்டர். சிட்டாவில் 0 – 40.50 என்று இருந்தால் அது நாற்பதரை ஏர். ஏறக்குறைய ஓர் ஏக்கர். உழும் ஏரை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைப் படிக்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன். பரப்பு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல் அது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் என்ன? இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. பழைய கணக்கில் முழு எண்களை மேல்வாயிலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் பிரித்தார்கள். கீழ்வாயிலக்கத்தில் மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரிக்கும் கீழே போக வேண்டியபோது புதுப்பெயர்களைத் தேடாமல், இருந்த பெயர்களின் முன்னே 'கீழ்' என்பதை ஒட்டினார்கள். கீழரை என்றால் அரையின் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, அதாவது 640-இல் ஒன்று. கீழ்முந்திரி என்றால் 1,02,400-இல் ஒன்று. எந்தப் பெயரின் முன் நின்றாலும் அதே மதிப்பால் வகுக்கும் இந்தக் 'கீழ்', மில்லி செய்யும் வேலையைத்தான் செய்கிறது. வகுக்கும் எண் ஆயிரமாக இல்லாமல் முந்நூற்றிருபதாக இருப்பது ஒன்றே வேறுபாடு. கீழ்முந்திரியை மேலும் இருபத்தொன்றால் வகுத்தால் வருவது இம்மி. 'இம்மியும் பிசகாமல்' என்று சொல்லும்போது நாம் இருபத்தொரு லட்சத்தில் ஒன்றுக்கும் சிறிய பங்கைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆனாலும் மில்லியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தமிழ் முன்னொட்டை வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மைக்ரோவுக்கு 'நுண்' என்று எழுதுகிறோம். நுண்ணுயிர், நுண்ணோக்கி ஆகிய சொற்களில் அது அழகாகப் பொருந்துகிறது. அளவையில் வரும்போதோ, மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒன்று என்னும் திட்டமான எண். 'நுண்' என்பது சிறியது என்று மட்டும் சொல்லும். எண்ணைக் குறிக்க வேண்டிய இடத்தில் தன்மையைக் குறிக்கும் சொல்லை வைப்பது பிழைக்கு இடம் கொடுக்கும். அலகோடு எழுதும்போது மில்லிகிராம், கிலோமீட்டர் என்று முழுமையாக எழுதுவதும், விளக்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆயிரம் மடங்கு என்று எண்ணாலேயே விளக்குவதும்தான் நல்ல தமிழ் என்பது என் முடிவு. மெகா பத்து லட்சம், கிகா நூறு கோடி, டெரா லட்சம் கோடி. வரவு செலவுத் திட்டச் செய்திகளைப் படிப்பவருக்கு லட்சம் கோடி நன்கு பழகிய சொல். அது டெராவின் நேர்த்தமிழ் என்பதைச் சொல்லிவிட்டால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். இந்த வரிசை பின்னர் நீண்டுகொண்டே வந்து, 2022-இல் ரோன்னா, குவெட்டா முதலிய நான்கும் சேர்ந்தபின் இப்போது மொத்தம் 24 முன்னொட்டுகள் உள்ளன. கடைவீதியில் புழங்குவன அவற்றில் ஐந்தாறுதான்.

சுருக்கக் குறிகளில் நம் எழுத்துக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் எம் என்னும் எழுத்தைப் பெரிதாக எழுதினால் மெகா, சிறிதாக எழுதினால் மில்லி. எழுத்தின் உருவம் மாறிய அளவில் மதிப்பு நூறு கோடி மடங்கு மாறிவிடும். தமிழில் மெ, மி என்று எழுத்தே வேறாகிவிடுவதால் அந்தக் குழப்பம் இல்லை. தொல்லை 'கி'யில் இருக்கிறது. கி.மீ. என்பதில் அது கிலோ, மி.கி. என்பதில் கிராம்; கி.கி. என்று எழுதினால் முதல் எழுத்து ஒன்று, அடுத்தது மற்றொன்று. செய்தித்தாளில் வரும் 'மெ.டன்' என்பதில் உள்ள மெ, மெகா அன்று, மெட்ரிக். எங்கள் வீட்டில் தைராய்டு மாத்திரை வாங்கி வந்தபோது, ஒரு மருந்துக் கடையின் காகித உறையில் '50 மி.கி.' என்று எழுதியிருந்தது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 50 மைக்ரோகிராம். மாத்திரை சரியாகவே இருந்தது, உறைதான் தவறு. ஆனால் அந்த உறையை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஊரில் போய்க் கேட்டால், ஆயிரம் மடங்கு பிழையான அளவையல்லவா கேட்டிருப்போம்? 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம். மருந்தைப் பொறுத்தவரை சுருக்கமே வேண்டாம், இரண்டு உறுப்பையும் முழுதாக எழுதுங்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறை அம்மாயியின் தலைமுறைக்கு ஏற்கெனவே தெரியும். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தபோது அவர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. எடையிலும் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஒவ்வொரு படிக்கும் வேறோர் எண்ணால் பெருக்க வேண்டியிருந்தது. பதின்ம முறையில் புள்ளி மட்டுமே நகர்கிறது. 86.340 கிராம் கொலுசு 86,340 மில்லிகிராம், அதுவே 0.08634 கிலோகிராம். கொலுசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அலகு சிறுத்தால் எண் பெருக்கிறது, அலகு பெருத்தால் எண் சிறுக்கிறது. பெருக்குவதா வகுப்பதா என்ற ஐயம் வரும்போதெல்லாம் நான் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

பரப்பிலும் கன அளவிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர்தான். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் பத்து லட்சம் சதுர மீட்டர், ஒரு கன கிலோமீட்டர் நூறு கோடி கன மீட்டர். முன்னொட்டும் அலகோடு சேர்ந்தே தன்னால் பெருகுகிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவாகிய 93.47 டி.எம்.சி.யை எடுத்துக்கொள்வோம். டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி; அது ஏறக்குறைய 2.83 கோடி கன மீட்டருக்குச் சமம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 265 கோடி கன மீட்டர் வரும். கன கிலோமீட்டரில் அது 2.65 மட்டுமே. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு மூன்று கன கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை என்பதைக் கண்டபோது, கன கிலோமீட்டர் எவ்வளவு பெரிய அளவு என்பது எனக்கு முதன்முதலாக விளங்கியது.

அன்று வாங்கிய கொலுசின் கொக்கியருகே 925 என்ற முத்திரை இருந்தது. அதுவும் மில்லிக் கணக்குதான்: ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்று பொருள். பட்டறைக்காரர்கள் அதையே நூற்றுக் கணக்கில் தொண்ணூற்றிரண்டரை டச் என்கிறார்கள். பொன்னுக்கு 'மாற்று' என்று சொன்ன பழைய சொல்லின் இடத்தைப் பிடித்த சொல் டச். 86.340 கிராமை 925-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் தூய வெள்ளி 79.8645 கிராம். அம்மாயி கேட்டுக்கொண்டபடி ரசீதின் பின்புறத்தில் அதைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: 79 கிராம், 864 மில்லிகிராம், 500 மைக்ரோகிராம்.