நிப்பிள் சுற்றுகிறதா, கம்பி முறுகுகிறதா?

போன மாரி முழுக்க என்னுடைய பழைய டேர்ட் பைக் மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் நாலு தென்னை, ஒரு ரோடு, அவ்வளவுதான். மழை விட்ட பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் ரிம் பாம்பு மாதிரி நெளிகிறது. சரி, ஸ்போக் கம்பிகளை இழுத்துக் கட்டுவோம் என்று ஸ்போக் கீயை ஒரு நிப்பிளில், அதாவது கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டில், மாட்டித் திருப்பினேன். திரும்பியது. சந்தோஷமாக அடுத்ததற்குப் போனேன். திரும்பிப் பார்த்தால், முதலாவது நிப்பிள் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது.

பக்கத்துக் கராஜ் பாஸிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மனே, அது சுத்துது எண்டு நீ நினைக்கிறாய். அது முறுகுது." ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, நிப்பிளுக்குச் சற்று மேலே கம்பியில் கொடி மாதிரி ஒட்டிவிட்டார். பிறகு கீயைத் திருப்பச் சொன்னார். நிப்பிளோடு சேர்ந்து கொடியும் திரும்பியது. நிப்பிளுக்குள் இருக்கும் திருகுப் புரி அசையவே இல்லை. நான் இவ்வளவு நேரமும் கம்பியைத்தான் முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எவ்வளவு முறுகும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.5 மில்லிமீட்டர் தடிப்பும் 20 சென்ரிமீட்டர் நீளமும் உள்ள உருக்குக் கம்பி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் பக்கம் அசையாமல் இருந்தால், 5 நியூட்டன் மீட்டர் திருப்பத்துக்கு ஏறக்குறைய 50 பாகை முறுகும். 10 சென்ரிமீட்டர் கீ ஒன்றின் நுனியில் 5 கிலோ பாரத்தைத் தொங்கவிட்ட அளவு விசைதான் அது. ஒரு கையால் போகிற வேலை. அதற்கு மேலும் முக்கினால் கம்பி முறுக்கு விடாமல் அப்படியே நின்றுவிடும், அல்லது அறுந்துவிடும். அதற்கு முன்னரே நிப்பிளின் மூலைகள் வழுக்கிப் போவதும் உண்டு. ஆக, இந்த வேலையில் கைப்பலம் நமக்கு எதிரி.

கம்பியில் இழுவை இல்லாவிட்டால் சக்கரமே இல்லை. மெல்லிய கம்பி நெருக்கத்தைத் தாங்காது, வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டிவைக்கிறார்கள். பாரம் ஏறும்போது நிலத்துப் பக்கக் கம்பிகளில் அந்த இழுவை குறையும், ஆனால் முற்றாகப் போகாது. எங்கே எவ்வளவு இழுவை என்பதைத் தீர்மானிப்பது நிப்பிள் என்ற அந்தச் சின்ன நட்டுத்தான். அது இறுகிவிட்டால் நெளிந்த ரிம்மை நேராக்க வழியில்லை.

ஏன் இறுகுகிறது? உற்றுப் பார்த்தால் நிப்பிளைச் சுற்றி இரண்டு நிறம் தெரியும். கம்பி உள்ளே நுழையும் வாயில் செங்கல் நிறக் கறள், ரிம்மின் துளையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. இவை இரண்டும் வேறு வேறு பூட்டுகள்.

கறள், தான் தின்ற இரும்பை விட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். புரிக்கு இடையில் மயிரிழை இடைவெளிதான் இருக்கிறது. அங்கே கறள் ஊதும்போது நிப்பிளும் கம்பியும் ஆப்பு அடித்த மாதிரி இறுகும். வெள்ளைப் பொடி அலுமினியத்தின் கறள். உருக்கும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் நின்றால் அது ஒரு குட்டி பற்றரி. அதில் அரிபடுவது அலுமினிய ரிம். நிப்பிள் பித்தளை என்றால், புரிக்குள் பலிக்கடா உருக்குக் கம்பி. கம்பிக்கு நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) இருக்கும்வரை நாகம் தானே கரைந்து மற்றதைக் காப்பாற்றும். அது எத்தனை மாரிக்கு? கடற்காற்றிலும் உப்பு, வாவித் தண்ணீரிலும் உப்பு. வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய்ச் சேறு அப்பிக்கொண்டு வந்தால் அந்தச் சேறு ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புக்கு வர்ணம் பூசலாம், நிப்பிளின் புரிக்குள் யார் பூசுவது?

முதல் மருந்து எண்ணெய். ஆனால் எல்லா எண்ணெயும் சரிவராது. கிரீஸும் என்ஜின் ஒயிலும் பாகுநிலை கூடியவை, அந்தக் கறளுக்குள் நுழையாது. மெல்லியதாக ஓடி உலோகத்தில் பரவும் திரவம்தான் மயிர்த்துளைத் தன்மையால் தானாகவே உள்ளே இழுபடும். கடையில் எல்லாரும் கேட்டு வாங்குகிற டபிள்யூடி-40, 1953 இல் அமெரிக்காவில் ஏவுகணையின் வெளித்தகட்டைக் கறளிலிருந்து காக்கச் செய்யப்பட்டது. நீரை விரட்டும் கலவைக்கான 40வது முயற்சி என்பதுதான் பெயரின் அர்த்தம். அவசரத்துக்கு அது சரி. இறுகியதைக் கழட்டவென்றே விற்கும் எண்ணெய் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எங்கே விடுவது என்பதில்தான் பாஸின் அனுபவம் தெரிந்தது. முதலில் கம்பி பிரஷ்ஷால் வாயைத் துப்புரவாக்கினார். சக்கரத்தை நிறுத்திவைத்து, கீழ்ப்பக்கக் கம்பிகளில் மட்டும் துளித்துளியாக விட்டார். அங்கே எண்ணெய் கம்பி வழியே நிப்பிளுக்குள் இறங்கும். மேல்பக்கத்தில் விட்டால் ஹப்புக்கு வழிந்து பிரேக்கில் போய்ச் சேரும். ரயரையும் ரியூப்பையும் கழட்டியிருந்ததால், மேல்பக்க நிப்பிள்களின் தலையிலும் ரிம்முக்குள்ளால் ஒரு துளி. பிறகு சின்னச் சுத்தியலால் நிப்பிளில் டொக் டொக் என்று மெல்லத் தட்டல். கறள் நொறுங்கும் பொருள், அதிர்ச்சியில் வெடிக்கும், வெடிப்பு வழியே எண்ணெய் போகும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எல்லாவற்றுக்கும் இதே வேலை. இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையில் மறுபடியும்.

36 இல் 25 அசைந்தன. மிச்சத்துக்குச் சூடு. நிப்பிளை மட்டும் சட்டென்று சூடாக்கி, அது கம்பியை விட 100 பாகை செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருந்தால், 4 மில்லிமீட்டர் புரியில் விரிவின் வித்தியாசம் ஏறக்குறைய 0.005 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள், ஒட்டியிருக்கும் கறளை உடைக்க இது காணும். ஆறும்போது மறுபடி ஒரு துளி எண்ணெய். நெருப்பை எடுக்குமுன் பழைய எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இது பற்றும் சாமான். ரிம்மில் சுவாலை நிற்கவும் கூடாது. அலுமினியம் உருகும்வரை சிவந்து காட்டாது, பலம் போனதே தெரியாமல் போகும்.

திருப்பும் திசையில் நானும் ஏமாந்திருக்கிறேன். ரயர் பக்கமிருந்து பார்த்தால் மணிக்கூட்டுத் திசையில் இறுகும். ஹப் பக்கமிருந்து பார்க்கிறவருக்கு அது தலைகீழ். முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், பிறகு தளர்த்தும் பக்கம், அரைக்கால் சுற்றுச் சுற்றாக. கண் கொடியில் இருக்கட்டும். கொடி நிற்க நிப்பிள் மட்டும் போனால் வென்றாயிற்று. கீ பொருத்தமாக இருக்க வேண்டும். குறடால் பிடித்துத் திருப்பினால் மூலை போய்விடும்.

கடைசியில் நாலு கம்பி எதற்கும் அசையவில்லை. வெட்டுவதுதான் வழி. இழுவையில் இருக்கும் கம்பி வெட்டும்போது தெறிக்கும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பக்கத்துக் கம்பிகளை முதலில் கொஞ்சம் தளர்த்தினால் ரிம் ஒரு பக்கம் கோணாது. வெட்டியதில் ஹப்பின் உட்புறத்தால் வருவது ஒன்று, வெளிப்புறத்தால் வருவது ஒன்று என்று இரண்டைக் கடைக்குக் கொண்டுபோனேன், வளைவும் நீளமும் வேறுபடலாம். புதியவற்றின் புரியிலும் நிப்பிள் உட்காரும் துளையிலும் கொஞ்சம் கிரீஸ் தடவினோம்.

இறுக்கி முடித்துப் பாஸ் ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு போனார். ஒரே நீளக் கம்பியில் இழுவை நாலு மடங்கானால் ஒலியின் அதிர்வெண் இரண்டு மடங்காகும், அதனால் காதுக்கு வித்தியாசம் பிடிபடும். டிங், டிங், டிங், பிறகு ஒரு டக். அந்தக் கம்பியில் கால் சுற்று. "100 கிலோமீட்டர் ஓடிட்டு ஒருக்கா கொண்டு வா மனே, புதுசு நாலும் இன்னும் உக்காரேல்ல."