ராணுவத்தில் பாலியல் வன்முறை: ஆபத்தைக் கூட்டும் பணியிடம்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வேண்டுகோளின்படி ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படையினர் சுமார் 5,60,000 பேருக்கு ஒரு வினாத்தொகுப்பை அனுப்பியது. 1,70,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். முந்தைய ஓராண்டில் பெண் படையினரில் 4.9 சதவீதத்தினரும் ஆண்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினரும் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாக அப்பதில்களிலிருந்து மதிப்பிடப்பட்டது. படையில் ஆண்களே மிகுதி என்பதால், பாதிக்கப்பட்ட சுமார் 20,300 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்கள்.

இதே தரவைத் தளம் வாரியாகப் பிரித்து 2018-இல் வெளியிட்டபோது, இந்த ஆபத்து எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பரவியிருக்கவில்லை என்பது புலப்பட்டது. கடற்படையில் மிக மோசமான இடங்களில் பெரும்பாலானவை கப்பல்கள். அவற்றில் சிலவற்றில் ஓராண்டுக்குள் 10 சதவீதத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தாக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனோ மிகக் குறைந்த ஆபத்துள்ள இடங்களின் வரிசையில் இருந்தது. கப்பலில் இளவயதினரும் கீழ்நிலைப் பணியினரும் அதிகம், தலைமையகத்தில் மூத்தோர் அதிகம், எனவே இந்த வேறுபாடு இயல்புதானே என்று கேட்கலாம். வயது, பதவி போன்றவற்றின் விளைவைக் கணக்கிட்டு நீக்கிய பின்னரும் சில இடங்களின் ஆபத்து எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. அந்த மிச்சத்தை ஆட்களைக் கொண்டு விளக்க முடியாது. இடத்தைத்தான் ஆராய வேண்டும்.

இடத்தின் எந்தத் தன்மை ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்கான தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று 2003-இல் வெளியானது. வியட்நாம் போர்க் காலம் முதல் பணியாற்றிய முன்னாள் பெண் படையினர் 558 பேரிடம் ஆய்வாளர் ஆன் சாட்லரும் அவருடைய குழுவினரும் பேட்டி கண்டனர். பணிக்காலத்தில் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாக 79 சதவீதத்தினரும், வன்புணர்வுக்கோ அதற்கான முயற்சிக்கோ ஆளானதாக 30 சதவீதத்தினரும் கூறினர். இந்தப் பெரிய எண்களைவிட, பணியிடத்தைப் பற்றிய கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. அதிகாரிகள் பெண்களை இழிவுபடுத்தும் பாலியல் பேச்சைத் தாமே தொடங்கிய அல்லது பிறர் பேசும்போது தடுக்காத பிரிவுகளில், வன்புணர்வுக்கான வாய்ப்பு மூன்று முதல் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. பணிச்சூழலே பகைமை நிறைந்ததாக இருந்த இடங்களில் அது ஏறத்தாழ ஆறு மடங்கை எட்டியது.

ஒரு பேச்சு எவ்வாறு தாக்குதலின் வாய்ப்பைக் கூட்டும்? காலை அணிவகுப்பில் சார்ஜன்ட் ஒருவர் ஒரு பெண் சிப்பாயின் உடலைக் குறித்துக் கேலி பேசுவதாகவும், அருகில் நிற்கும் அவருடைய மேலதிகாரியான லெஃப்டினன்ட் அதைக் காதில் வாங்காதவர்போல வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். அடுத்த எல்லையைத் தொட்டுப் பார்க்க நினைக்கும் ஒருவன், இங்கே கேட்பார் இல்லை என்று அந்த மௌனத்திலிருந்து புரிந்துகொள்கிறான். புகார் கொடுத்தால் இதே லெஃப்டினன்ட்டிடம்தான் போய் நிற்க வேண்டும் என்று அந்தப் பெண் கணக்குப் போடுகிறாள். கேலியை வெறுக்கும் மற்றவர்கள் தாங்கள் மட்டுமே அதை வெறுப்பதாக எண்ணி வாய் திறப்பதில்லை. தாக்குபவனின் அச்சமும் பாதிக்கப்படுபவரின் நம்பிக்கையும் உடனிருப்போரின் துணிவும் ஒரே நேரத்தில் குறைகின்றன.

தாக்குதலுக்கு உள்ளானவர் பின்னாளில் தம் பணியிடத்தைக் கூடுதல் கசப்போடு நினைவுகூரலாம் அல்லவா என்ற ஐயம் நியாயமானது. 2014 கருத்தாய்வில் தொல்லைக்கு உள்ளான பெண்கள் தாக்குதலுக்கும் உள்ளாகும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 14 மடங்காகவும், ஆண்களிடையே 49 மடங்காகவும் இருந்தது. ஒரே ஆள் இரண்டையும் பற்றிச் சொல்வதால் அந்த எண்களுக்கும் இதே ஐயம் பொருந்தும். 2021-இல் வெளியான ரேண்ட் ஆய்வு இதைத் தாண்ட ஒரு வழி கண்டது. ஒருவருடைய அனுபவத்துக்குப் பதிலாக அவரைச் சூழ்ந்துள்ள பணியிடத்தில் தொல்லை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அது அளந்தது. தொல்லை மிகுந்த சூழலில் பெண்கள் தாக்கப்படும் ஆபத்து 1.5 மடங்குக்கு மேலும், ஆண்கள் தாக்கப்படும் ஆபத்து 1.8 மடங்கும் உயர்ந்திருந்தது. எண்கள் சிறுத்தாலும் திசை மாறவில்லை.

இந்தச் சூழல் ராணுவத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வலுவாகச் செயல்படுகிறது என்பதற்கு அங்குள்ள வாழ்க்கை அமைப்பே காரணம். அலுவலக ஊழியர் மாலையில் வீடு திரும்பலாம், மனம் ஒப்பாவிட்டால் வேலையை விடலாம். கப்பலில் பணிபுரிபவருக்கு வேலை, உணவு, உறக்கம் அனைத்தும் ஒரே இரும்புச் சுவர்களுக்குள். விடுப்புக்கு ஒப்புதல் தருபவரும், பதவி உயர்வுக்கான மதிப்பீட்டை எழுதுபவரும், புகாரைக் கேட்பவரும் ஒரே அதிகாரியாக இருக்கக்கூடும். ஒப்பந்தக் காலம் முடியாமல் வெளியேறவும் முடியாது. பயிற்சி முகாம்களில் இந்த அதிகாரம் மேலும் குவிகிறது. 1996-இல் அபர்டீன் தரைப்படைத் தளத்திலும், 2012-இல் லாக்லேண்ட் விமானப்படைத் தளத்திலும் வெளிப்பட்ட குற்றங்களில் சிக்கியவர்கள் பயிற்றுநர்களே.

டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் ஹூட் தளம் இவை அனைத்தும் ஒருங்கே தெரியும் இடம். 20 வயதுப் பெண் சிப்பாய் ஒருவர் 2020 ஏப்ரலில் அங்கே கொல்லப்பட்ட பின்னர் அமைக்கப்பட்ட சுயேச்சைக் குழு, 503 பெண் படையினரைப் பேட்டி கண்டது. நம்பத்தகுந்த பாலியல் தாக்குதல்கள் 93 பதிவாயின. அவற்றில் 59 மட்டுமே முறைப்படி புகாராகியிருந்தன. அடுத்த போர்ப்பணிக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவதிலேயே தலைமையின் கவனம் குவிந்ததால், தொல்லைத் தடுப்புத் திட்டம் பெயரளவில் நடந்துவந்ததைக் குழு கண்டது. தினசரி சிப்பாய்களோடு பழகும் சார்ஜன்ட் நிலையில்தான் பாதுகாப்பு முற்றிலும் தளர்ந்திருந்தது. தளபதியின் கொள்கை அறிக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சிப்பாய் காண்பது தன் சார்ஜன்ட்டின் நடத்தையை மட்டுமே. அந்த ஆண்டு டிசம்பரில் தலைமைப் பொறுப்பில் இருந்த 14 பேர் பதவி நீக்கமோ இடைநீக்கமோ செய்யப்பட்டனர்.

புகார்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு தளத்தை எடைபோடுவது ஏமாற்றும். தலைமையின் மீது நம்பிக்கையுள்ள இடத்தில் புகார் கூடும். பழிவாங்கலுக்கு அஞ்சும் இடத்தில் கோப்பு காலியாக இருக்கும். 2014 கருத்தாய்வில், புகார் கொடுத்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பணி வழியிலோ சக படையினரின் ஒதுக்கல் வழியிலோ பழிவாங்கப்பட்டதாக உணர்ந்தனர். இதனால்தான் பெயர் குறிப்பிடாத கருத்தாய்வுகள் இங்கே முதன்மையான அளவுகோலாகின்றன.

வன்புணர்வு உள்ளிட்ட குற்றங்களில் வழக்குத் தொடர்வதா என்று முடிவெடுக்கும் உரிமை 2023 டிசம்பர் இறுதியில் தளபதிகளிடமிருந்து தனி வழக்கறிஞர்களுக்கு மாற்றப்பட்டது. நெடுங்காலம் கோரப்பட்ட இந்தச் சீர்திருத்தம் தேவையானதே. என்றாலும் அது குற்றம் நடந்த பின்னர் தொடங்கும் வேலை. ஆபத்தான தளங்களை முன்கூட்டியே அடையாளம் காண்பதற்கும், கீழ்நிலைத் தலைவர்களை அவர்களுடைய பிரிவின் சூழலுக்குப் பொறுப்பாக்குவதற்கும் முழுநேரத் தடுப்புப் பணியாளர்கள் வேண்டும் என்று 2021-இல் பாதுகாப்புத் துறை அமைத்த சுயேச்சை ஆணையம் பரிந்துரைத்தது. கருத்தாய்வுகளில் பெண் படையினர் தாக்கப்பட்ட விகிதம் 2021-இல் 8.4 சதவீதமாக இருந்து 2023-இல் 6.8 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பணியாளர்களை நியமிக்கும் வேலை அப்போதும் முடிந்திருக்கவில்லை.