துணைநொதி மீட்பு

துணைநொதி என்றதும் அதுவும் ஒரு நொதிதான் போலும் என்று தோன்றும். இல்லை. உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகள் பெரும்பாலும் புரதங்கள். துணைநொதி புரதமே அல்ல; நொதியோடு சேர்ந்து அதன் வேலைக்கு உதவும் சிறு மூலக்கூறு.

நொதிக்கு 'என்சைம்' என்ற பெயரை 1877-இல் வைத்தவர் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே. கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே; 'சைமே' என்றால் புளிப்பேற்றும் பழமாவு. மாவு புளித்துப் பொங்கி நுரைப்பதைத் தமிழில் நொதித்தல் என்கிறோம். அதிலிருந்து வந்தது நொதி. இலங்கை வழக்கில் நொதியம். வேர்ப்பொருள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய கலைச்சொற்கள் குறைவு.

1906-இல் லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் சாற்றை ஜெலட்டின் வடிகட்டியில் வடித்தார்கள். மேலே தங்கியது தனியாகச் சர்க்கரையை நொதிக்க வைக்கவில்லை; வடிந்த நீரும் அப்படியே. இரண்டையும் கலந்தால் நுரை பொங்கியது. வடிநீரைக் கொதிக்க வைத்துச் சேர்த்தபோதும் அதே பலன். கொதித்தும் கெடாத அந்தப் பொருளில் முக்கியமானதே பின்னாளில் என்ஏடி (NAD) எனப்பட்ட துணைநொதி. துணைநொதி என்பதற்குப் பதில் 'துணைக்காரணி' என்றால் நொதியோடு குழப்பம் வராது. ஆனால் அதில் உலோக அயனிகளும் அடங்கிவிடும். ஆகவே துணைநொதியே இருக்கட்டும்.

இனி மீட்பு. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து அதை ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாற்றும். (ஆக்சிஜன் எங்கும் ஏறாவிட்டாலும் இதற்குப் பெயர் ஆக்சிஜனேற்றம்!) பறித்ததை வாங்கிக்கொள்ளும் என்ஏடி, என்ஏடிஎச் ஆகிறது. ஒரு மூலக்கூறு ஆல்கஹாலுக்கு ஒரு மூலக்கூறு என்ஏடி செலவு. விலை கூடிய அந்தப் பொருளை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டினால் எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது. அதனால் அதே பாத்திரத்தில் இன்னொரு நொதியையும் போடுகிறார்கள்: என்ஏடிஎச் ஆக்சிடேஸ். அது என்ஏடிஎச்சிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும்; என்ஏடி பழையபடி கிடைக்கும்.

இதை 'மீளுருவாக்கம்' என்று எழுதுவோர் உண்டு. அறுந்த பல்லிவால் முளைப்பதற்கு அது சரி. இங்கே எதுவும் புதிதாக முளைக்கவில்லை. அடகு வைத்த நகை அப்படியே திரும்பி வருகிறது. மீட்பு என்பதே பொருத்தம்.

இந்த ஆக்சிடேஸில் இரண்டு வகை. ஒன்று ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். அந்தப் பெராக்சைடு உடனிருக்கும் நொதிகளைக் கெடுப்பதால், அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியையும் சேர்க்க வேண்டியிருக்கும். மற்றது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு என்ஏடிஎச்சை என்ஏடியாக மீட்டு, வெறும் தண்ணீரை விட்டுவைக்கும். இந்த இரண்டாம் வகை கிடைத்த நுண்ணுயிர்களில் ஒன்று லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ். புளிக்கவைத்த முட்டைக்கோஸில் வாழ்வது. கூனே பெயர் தேடிப் போன அதே புளிப்பு.