அபராதம் ஏன் 5 ரன்?

2024 பிப்ரவரியில் ராஜ்கோட் டெஸ்டில் இங்கிலாந்து ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் 5/0 என்று இன்னிங்ஸைத் தொடங்கியது. அடிக்காத ரன் எப்படி வரும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இந்தியா பேட் செய்தபோது அஸ்வின் பிட்ச்சின் நடுப்பகுதியில், ‘டேஞ்சர் ஏரியா’ என்கிறோமே அங்கே, ஓடிவிட்டார். ஷூ ஆணிகள் அந்த இடத்தைக் கிளறினால் பிறகு சொந்த அணியின் சுழற்பந்து வீச்சுக்கு உதவும். முதல் நாளே இதற்காக ஜடேஜாவை அம்பயர் எச்சரித்திருந்தார். ஒருவருக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அந்த இன்னிங்ஸ் முழுக்க அணிக்கே பொருந்தும் என்பதால் அடுத்து மாட்டியவர் அஸ்வின். ஃபீல்டிங் அணிக்குக் கிடைக்கும் அபராத ரன்கள் அவர்கள் ஏற்கெனவே ஆடி முடித்த இன்னிங்ஸில் சேரும். இன்னும் ஆடவில்லை என்றால் அடுத்த இன்னிங்ஸில். ஆகவே 5/0.

சரி, ஏன் 5? இந்தக் கணக்கு எனக்கு அலுப்பதே இல்லை. பந்து பவுண்டரிக்கு உருண்டு போகிறது. கை எட்டாத ஃபீல்டர் தொப்பியைக் கழற்றி எறிந்து அதை நிறுத்திவிடுகிறார் என்று வையுங்கள். தடுத்தது 4 ரன். அபராதமும் 4 என்றால், மாட்டினாலும் அவருக்கு நஷ்டமில்லை, மாட்டாவிட்டால் லாபம். அப்புறம் யார்தான் எறியமாட்டார்கள்? அபராதம் 4-ஐத் தாண்டியே ஆகவேண்டும். விதி அதோடு விடவும் இல்லை. அதற்குள் ஓடி முடித்த ரன்கள் தனியாகச் சேரும். பேட்ஸ்மேன்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ரன்னும் சேரும். அந்தப் பந்தும் ஓவர் கணக்கில் வராது, மறுபடி வீசவேண்டும். 2 ரன் ஓடியிருந்தார்கள் என்றால், 4-ஐத் தடுக்கப் போனவர் 7 ரன்னும் இன்னொரு பந்தும் கொடுத்துவிட்டுத் திரும்புவார். தந்திரம் எந்தக் கணக்கிலும் லாபமாகக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பொந்தாக அடைத்திருக்கிறார்கள்.

கீப்பருக்குப் பின்னால் தரையில் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டாலும் 5 ரன்தான். அங்கே யாரும் ஏமாற்றவில்லை; ஆனால் நஷ்டமில்லை என்றால் ஹெல்மெட் பந்தைத் தடுக்கும் பொருளாகிவிடும்.

பணமாக அபராதம் போட்டால் போதாதா? ஓவர்களை மெதுவாக வீசும் அணிகளுக்கு நெடுங்காலம் சம்பளத்தில்தான் பிடித்தார்கள், தாமதம் தீர்ந்தபாடில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு சோதனையை உரி நீசி, ஆல்டோ ருஸ்திச்சினி இருவரும் 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும், தாமதமாக வருவோர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது அது. கிரிக்கெட்டில் ஆட்டத்தை ஜெயிக்க வைப்பது ரன். அதிலேயே கை வைத்தால்தான் வலிக்கும்.

2024 டி20 உலகக் கோப்பையில் நியூயார்க்கில் அதைப் பார்த்தோம். ஒரு ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்ததைத் தொடங்கவேண்டும். இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை 5 ரன். அமெரிக்க அணி மூன்றாவது முறையும் தாமதித்தது. 30 பந்தில் 35 ரன் தேவைப்பட்ட இந்தியாவுக்கு ஒரே நொடியில் 30 பந்தில் 30 என்றானது. ராஜ்கோட்டில் இந்தியா எடுத்த 445 ரன்னுக்கு முன்னால் 5 ரன் பெரிதில்லை. நியூயார்க்கில்போல 111 ரன்னைத் துரத்தும் ஆட்டத்தில் பெரிது.

தண்டனையின் எடை, அதன் அளவோடு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பையும் பெருக்கினால் கிடைப்பது என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1968-இல் எழுதினார். மூன்றில் ஒரு முறைதான் மாட்டுவோம் என்றால் 5 ரன் அபராதம் சராசரியில் 2 ரன்கூட இல்லை. பந்து கையில் இல்லாமலே எறிவதுபோல் நடித்து பேட்ஸ்மேனை ஏமாற்றுவதற்கான அபராதம் 2017-இல் வந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய உள்நாட்டுப் போட்டியில் லபுஷேன் மாட்டினார். 2022-இல் அடிலெய்டில் கோலி அப்படிச் செய்ததாக வங்கதேச வீரர் நூருல் ஹசன் சொன்னார். அம்பயர்கள் நடவடிக்கை எடுக்கவில்லை. வங்கதேசம் தோற்றது 5 ரன்னில்.

அபராதத்தை 10 ஆக்குவதால் இது சரியாகாது என்பது என் உறுதியான கருத்து. எல்.பி.டபிள்யூவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க இத்தனை கேமராவுக்குச் செலவழிக்கிறோம். அதே கேமராக்களைப் பார்த்து, போலி எறிதலையும் கவனித்துச் சொல்லும் பொறுப்பை மூன்றாம் அம்பயரிடம் கொடுத்துவிடலாம்.